வாடகைக் காரில் ஓடும் செல்போன்: பேட்டரி தளர்ந்தது சார்ஜ் பழக்கத்தாலா, வெயிலாலா?

காட்பாடி ஓட்டுநர்

வணக்கம். வேலூரில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். காட்பாடி ரயில் நிலையத்துக்கும் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் இடையில்தான் என் பிழைப்பில் பாதி நடக்கிறது. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் அழைப்பார்கள். எனக்கு வங்காளம் தெரியாது. மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துத்தான் அவர்களோடு பேசுகிறேன். வரைபடம், வாடகைச் செயலி, பணம் வந்ததா என்று பார்ப்பது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே செல்போன்தான்.

வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 5000 எம்ஏஎச் பேட்டரி, 33 வாட் சார்ஜர். புதிதில் காலையில் எடுத்தால் இரவு வரை தாங்கியது. இப்போது சார்ஜரைக் கழற்றினால் மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, 22 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடுகிறது. போன வாரம் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவரை விடுதிக்கு அழைத்துப் போகும்போது வழியில் அப்படித்தான் அணைந்தது. விடுதியின் பெயர் அந்தச் செயலிக்குள் இருந்தது. அவர் மகனுடைய செல்போனில் தேடி எடுப்பதற்குள் அந்தப் பெரியவர் வலியில் பட்ட பாடு எனக்கு இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

செல்போனை முன்கண்ணாடியில் ஒட்டும் ஹோல்டரில் வைத்திருக்கிறேன். லைட்டர் சாக்கெட் சார்ஜர் காலை முதல் இரவு வரை செருகியே இருக்கும். மதியம் சில நேரம் திரை தானாக மங்கிவிடுகிறது. சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடுகிறது.

ஸ்டாண்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பூஜ்ஜியம் வரை இறக்கிவிட்டு ஏற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். இரவு முழுவதும் சார்ஜில் போட்டால் பேட்டரி கெடும் என்கிறார் இன்னொருவர். பேட்டரியைக் காக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்கிறார் மூன்றாமவர். எதைச் செய்வது? பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமா, புது செல்போனே வாங்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பட்டன் போன்

தம்பி, முதல் ஆள் சொன்னதுதான் சரி. மாதம் ஒருமுறையாவது முழுக்க அணையும் வரை பயன்படுத்திவிட்டு, ஒரே மூச்சில் 100 வரை ஏற்றுங்கள். பாதியில் பாதியில் ஏற்றினால் பேட்டரி அந்தப் பாதியையே நினைவில் வைத்துக்கொள்ளும். கம்பியில்லாத் தொலைபேசி வந்த காலத்திலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. நன்றாகவே உழைத்திருக்கின்றன.

ஆம்பூர் சர்வீஸ் கடை

நண்பரே, ஆம்பூரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கார் ஓட்டுநர்கள், உணவு கொண்டு சேர்க்கும் பையன்கள், லாரிக்காரர்கள் என்று வண்டியில் செல்போனை மாட்டி வைப்பவர்கள்தான் பேட்டரி மாற்ற அதிகம் வருகிறார்கள். வீட்டிலேயே இருப்பவர்களின் செல்போன் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து வருகிறது. இவர்களுடையது அதில் பாதிக் காலத்தில் வந்துவிடுகிறது. தயாரிப்பும் மாடலும் ஒன்றாக இருந்தாலும் இப்படித்தான்.

உங்கள் பேட்டரியைத் தின்றது அந்த முன்கண்ணாடி. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். நிழலில் அளந்தால்தான் அந்த 40. கண்ணாடிக்குப் பின்னால், நேர் வெயிலில், கறுப்பு டேஷ்போர்டுக்கு மேல் இருக்கும் செல்போனுக்கு அது பொருந்தாது. வண்டியை வெயிலில் நிறுத்தி மூடிவிட்டுச் சாப்பிடப் போனால் டேஷ்போர்டின் மேற்பரப்பு 60 டிகிரியையும் தாண்டும். ஐபோனைச் செய்யும் ஆப்பிள் நிறுவனமே 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்தினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும் என்று எழுதி வைத்திருக்கிறது. உங்களுடையது வேறு தயாரிப்பாக இருக்கலாம். உள்ளே இருப்பது அதே வகை லித்தியம் அயனி பேட்டரிதான்.

இந்தச் சூட்டோடு இன்னும் மூன்று சேர்கின்றன. வெயிலில் தெரிய வேண்டும் என்று திரை உச்ச வெளிச்சத்தில் எரிகிறது. வரைபடம் ஓயாமல் ஓடுகிறது. சார்ஜ் வேறு ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்றும் உள்ளிருந்து சூடு தருபவை. திரை மங்குவதையும் சார்ஜ் நிற்பதையும் பழுது என்று நினைக்காதீர்கள். செல்போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுக்கும் நடவடிக்கை அது. ஆனால் அந்த நடவடிக்கைக்கு வரும்போது பேட்டரி ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும்.

இன்று மாலையே இதைச் செய்யுங்கள். கண்ணாடி ஹோல்டரைக் கழற்றிவிட்டு, ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டும் ஹோல்டர் வாங்குங்கள். கோடையில் ஏசி ஓடும்போது அந்தக் காற்று செல்போனின் முதுகில் நேராகப் படும். ஏசி போடாமல் ஓட்டும் நேரத்திலும் கண்ணாடிக்குக் கீழே இருப்பதால் நேர் வெயில் விழாது. தடித்த ரப்பர் கவர் இருந்தால் வண்டியில் இருக்கும்வரை கழற்றி வையுங்கள். சாப்பிட இறங்கும்போது செல்போனைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்தது அந்த லைட்டர் சாக்கெட். 100 சதவீதம் ஆன பிறகும் நாள் முழுவதும் செருகியே இருந்தால், பேட்டரி உச்ச மின்னழுத்தத்திலேயே வெயிலில் காய்கிறது. உங்கள் செல்போனின் அமைப்புகளில் பேட்டரிப் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இப்போது பல மாடல்களில் இருக்கிறது. இருந்தால் அதைப் போட்டுவிட்டுச் சாக்கெட்டில் செருகியே வையுங்கள், கவலையில்லை. இல்லையென்றால் 80ஐ நெருங்கும்போது கழற்றி, 30, 40க்கு வரும்போது திரும்பச் செருகுங்கள். சவாரி நடுவே இதையே கவனித்துக்கொண்டிருக்க வேண்டாம். 90க்குப் போய்விட்டால் குடி முழுகிவிடாது. வெயிலும் 100 சதவீதமும் ஒன்று சேரக் கூடாது, அவ்வளவுதான்.

பேட்டரியைக் காக்கும் செயலி வேண்டவே வேண்டாம். அதுவும் பின்னணியில் ஓடி மின்சாரம் தின்னும், விளம்பரம் காட்டும். பேட்டரிக்குள் நடக்கும் வேதியியலை எந்தச் செயலியாலும் திருப்ப முடியாது.

மின்வேதியியல் மாணவி

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சிக் காலத்தில் நாணய வடிவ லித்தியம் செல்களை (பேட்டரியின் அடிப்படை அலகுகளை) செய்து சோதித்திருக்கிறேன். ஆம்பூர்க்காரர் சொன்னதன் காரணத்தை விளக்குகிறேன்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறுமுனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. கிராஃபைட்டின் மேல் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அது காவலாக இருப்பதால்தான் செல்லே வேலை செய்கிறது. ஆனால் அந்தப் படலம் வளர்வது நிற்பதில்லை. வளரும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியத்தை எடுத்துத் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. அந்த லித்தியம் இனி மின்சாரம் தராது. பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது என்பதன் பெரும்பகுதி இதுதான். சூடு இந்த வேதிவினையை வேகப்படுத்துகிறது. முழு சார்ஜில் மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பதால், கிராஃபைட்டுக்கு எதிரே உள்ள முனையில் மின்பகு திரவமும் (இரு முனைகளுக்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் திரவம்) சிதையத் தொடங்குகிறது. அப்போது வாயு உண்டாகும். பேட்டரி உப்புவது இதனால்.

பேட்டரித் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் ஓர் அட்டவணை உண்டு. லித்தியம் அயனி செல்லைப் பயன்படுத்தாமல் ஓராண்டு சும்மா வைத்திருந்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பதைத் தோராயமாகக் காட்டுவது. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும். 100 சதவீத சார்ஜோடு வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரி என்றால் இவை 85, 65 என்று இறங்குகின்றன. 60 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் மூன்றே மாதத்தில் 60 சதவீதத்துக்கு வந்துவிடும். இத்தனைக்கும் அந்த செல்களை யாரும் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. சூடும் முழு சார்ஜும் தனித்தனியே செய்யும் கேட்டையும், சேர்ந்தால் செய்யும் கேட்டையும் இந்த எண்களிலேயே பார்க்கலாம்.

பழைய பட்டன் போன் ஐயாவுக்கு: நீங்கள் சொல்லும் நினைவு விளைவு உண்மையில் இருந்தது. ஆனால் அது நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் குணம். பழைய கம்பியில்லாத் தொலைபேசிகளில் இருந்தவை பெரும்பாலும் அவைதான். அவற்றுக்கு உங்கள் முறை பொருத்தமானதே. 1991இல் சோனி லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இதற்கு அடித்தளமிட்ட குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்த வகையைப் பூஜ்ஜியம் வரை இறக்குவது நன்மை செய்யாது, தேய்மானத்தைத்தான் கூட்டும். எப்போதாவது ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றுவதால் வரக்கூடிய ஒரே பயன், சதவீதத்தைக் கணக்கிடும் சில்லு தன் கணக்கைச் சரிசெய்துகொள்வது. பேட்டரியின் கொள்ளளவு அதனால் கூடாது.

22 சதவீதத்தில் அணைவதற்கு வருகிறேன். பேட்டரி முதுமையடையும்போது கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் ஏறுகிறது. வரைபடம், அழைப்பு, கேமரா என்று ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் இழுத்தால், அந்தத் தடையால் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து, செல்போன் இயங்கத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போய்விடுகிறது. உடனே அணைகிறது. உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கும். தேவையான வேகத்தில் அதை வெளியே தர பேட்டரியால் முடியாது. இந்த நிலைக்கு வந்த பேட்டரியைப் பழக்கத்தை மாற்றி மீட்க முடியாது. மாற்றியே ஆக வேண்டும்.

பழைய பட்டன் போன்

விளக்கத்துக்கு நன்றி அம்மா. நிக்கல் காட்மியத்துக்குச் சொன்ன அறிவுரை இத்தனை காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது. வீட்டில் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுகிறேன்.

காட்பாடி ஓட்டுநர்

இருவருக்கும் மிகவும் நன்றி. ஏசி துவாரத்தில் மாட்டும் ஹோல்டர் வாங்கி மாட்டிவிட்டேன். திரை மங்குவது உடனே நின்றுவிட்டது. 80 சதவீத வசதியும் என் செல்போனில் இருந்தது. இவ்வளவு நாளாக அது இருப்பதே தெரியாது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். அதிகாலை ரயிலுக்காக நிலையத்தில் வண்டியிலேயே தூங்கும் நாட்களில் செல்போனைத் தலைமாட்டில் சார்ஜில் போட்டுத் தூங்குவேன். அது தவறா? அடுத்தது, பேட்டரி மாற்ற ஒரு கடையில் இரண்டு விலை சொன்னார்கள். இரண்டுமே ஒரிஜினல்தான் என்கிறார்கள். எதை நம்புவது?

ஆம்பூர் சர்வீஸ் கடை

தூங்கும்போது சார்ஜ் போடுவதால் பேட்டரிக்குள் அளவுக்கு மீறி மின்சாரம் ஏறிவிடாது. நிரம்பியதும் உள்ளே இருக்கும் சில்லு நிறுத்திவிடும். நீங்கள் 80இல் நிறுத்தும் வசதியையும் போட்டுவிட்டீர்கள், ஆகவே அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ வைக்காதீர்கள். சூடு வெளியேற வழியிருக்காது. இருக்கையின் பக்கத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். தூங்கி எழுந்து சவாரிக்குப் போவதற்கான நேரத்தைக் கற்றுக்கொண்டு அதற்கேற்ப மெதுவாக ஏற்றும் வசதியும் சில செல்போன்களில் உண்டு. உங்களைப் போல ரயில் வரும் நேரத்துக்கு எழுகிறவர்களுக்கு அது சரிப்படாது. 80 என்ற வரம்பே போதும். நீண்ட சவாரி இருக்கும் நாளில் மட்டும் அதை நீக்கி 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றிய கையோடு பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் கெடுதல் மிகக் குறைவு. பேட்டரி உழைப்பதற்காக இருப்பது. அதற்குப் பயந்து நீங்கள் சவாரியை விட வேண்டியதில்லை.

வேகமான சார்ஜரையும் சிலர் குறை சொல்வார்கள். 33 வாட்டை வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, செல்போனைத் தொடாமல் வைத்து ஏற்றினால் பயப்பட எதுவுமில்லை. பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் அது வேகமாக ஏற்றும், நிரம்ப நிரம்பத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிக்கொண்டே காணொளி பார்ப்பதும், வெயிலில் வைத்து ஏற்றுவதும்தான் ஆகாது.

இனி பேட்டரி மாற்றுவது. மாற்றத்தான் வேண்டும், அந்தத் தங்கை சொன்னது சரி. செல்போன் மற்றபடி நன்றாக இருந்தால் புதிது வாங்காதீர்கள். அது உங்கள் பல நாள் வருமானம். முழு சார்ஜ் ஒன்றைச் செலவழித்தால் ஒரு சுற்று என்று கணக்கு. அரை அரையாக இரண்டு முறை செலவழித்தாலும் ஒரு சுற்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் செல்போன்களின் பேட்டரி, 800 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதமாவது தாங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். உங்களைப் போல ஒரு நாளைக்கு ஒன்றரைச் சுற்று ஓட்டுகிறவருக்கு அந்த 800 சுற்றுகளே ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடும். வெயில் இல்லாவிட்டாலும் உங்கள் பேட்டரி இந்த நேரத்தில் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். வண்டிக்கு டயர் மாற்றுவதைப் போல இதையும் தொழில் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

விலை கொஞ்சம் கூடினாலும் முதலில் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் கேளுங்கள். வெளியே மாற்றுவதானால் பேட்டரியைப் பொருத்துவதற்கு முன் உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். அதன் மேல் எம்ஏஎச், வோல்ட், வாட் மணி மூன்றும் அச்சிட்டிருக்கும். 5000 எம்ஏஎச் என்றால் 5 ஆம்பியர் மணி. மேலே 3.87 வோல்ட் என்று போட்டிருந்தால், இரண்டையும் பெருக்கினால் 19.35 வாட் மணி வர வேண்டும். போலி பேட்டரிகள் பலவற்றில் இந்தக் கணக்கு உதைக்கும். பெரிய எம்ஏஎச் எண்ணை அச்சிட்டுவிட்டு வாட் மணியைப் பழையபடியே விட்டிருப்பார்கள். எடையையும் பாருங்கள். கையில் பஞ்சு போல இருந்தால் அது 5000 அல்ல. நம் நாட்டில் விற்கும் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற எண்ணும் பதிவு எண்ணும் அதன் மேல் இருக்க வேண்டும். தயாரித்த தேதியையும் கேளுங்கள். அலமாரியில் கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும், மேலே அட்டவணையில் பார்த்தீர்கள்.

மாற்றும்போது பின்மூடியைச் சூடுகாட்டித்தான் திறப்போம். நீர் புகாதிருக்க ஒட்டிய பசை அதில் போய்விடும். புதுப் பசை போட்டு மூடச் சொல்லுங்கள். அதன் பிறகும் மழையில் நனைய விடாதீர்கள். பழையபடி நீர் தாங்கும் என்று நான் யாருக்கும் உறுதி தருவதில்லை.

செங்கம் ஆசிரியை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மா தனியாக இருக்கிறார். அவர் வீட்டு வாசலைப் பார்ப்பதற்காக ஒரு பழைய செல்போனை ஜன்னலில் வைத்துக் கேமராவாகப் பயன்படுத்துகிறோம். எப்போதும் சார்ஜில்தான் இருக்கும். இப்போது அதன் பின்மூடி ஓரத்தில் சற்றுத் தூக்கியிருக்கிறது. அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. விட்டுவிடலாமா?

ஆம்பூர் சர்வீஸ் கடை

அம்மா, இதைப் படித்ததும் முதலில் உங்கள் தாயாரை அழைத்துச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. வேலை செய்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. துளை விழுந்தாலோ மடங்கினாலோ தீப்பிடிக்கும்.

இனி அதை அமுக்கிப் பார்க்க வேண்டாம். மூடியை நெம்பித் திறக்க வேண்டாம். திரும்ப ஒருமுறைகூட சார்ஜ் போட வேண்டாம். செல்போனை அணைத்து, திரைச்சீலை, பஞ்சு மெத்தை, காகிதம் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் சிமென்ட் தரையிலோ மண் சட்டியிலோ வைக்கச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியில் போடவே கூடாது. குப்பை வண்டியில் அழுத்துவார்கள், அங்கே வேலை செய்பவர்களுக்கு ஆபத்து. பேட்டரிக் கழிவைத் திரும்பப் பெற்று முறைப்படி கையாளும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. அந்தத் தயாரிப்பின் சேவை மையத்தில் கொடுங்கள்.

வாசலைப் பார்க்க, மின்இணைப்பில் நேராக ஓடும் வீட்டுக் கேமரா ஒன்று வாங்கிவிடுங்கள். பேட்டரி உள்ள பொருளை வெயில் படும் ஜன்னலில் ஓயாமல் சார்ஜில் வைக்கும் வேலைக்குச் செல்போன் செய்யப்படவில்லை.

செங்கம் ஆசிரியை

அம்மா சுவிட்சை அணைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் செல்போனை அணைத்து, கொல்லைப்புறத்துச் சிமென்ட் தரையில் மண் சட்டிக்குள் வைத்திருக்கிறான். சேவை மையம் திருவண்ணாமலையில் இருக்கிறது. பஸ்ஸில் கொண்டு போகலாமா?

ஆம்பூர் சர்வீஸ் கடை

கூட்டமான பஸ்ஸில் வேண்டாம், பையில் நசுங்கும். முதலில் மையத்துக்குத் தொலைபேசியில் விவரம் சொல்லுங்கள். உப்பிய பேட்டரியை வாங்கிக்கொள்வார்களா, எப்படிக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அருகில் அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் இருந்தால், அவரை வீட்டுக்கே வரவழைத்துப் பேட்டரியைத் தனியே கழற்றச் சொல்வது இன்னும் நல்லது. சட்டியில் இருக்கும்வரை வெயிலும் மழையும் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.